ஆசந்தி வரும் தெரு

வரிசை நகரவே இல்ல. வந்ததுலேர்ந்து இந்தத் தூணுகிட்டத்தான் நிக்கிறேன், தூணு சில்லுன்னு இருக்கு, அது ஒண்ணுதான் ஆறுதல். செருப்பு வெளிய வெயில்ல கெடக்கு, திரும்பிப் போயிக் கால வச்சா பொசுக்கிப்புடும். பெரிய வெள்ளிக்கிழமைன்னா எங்கேருந்துதான் இந்த வெயிலு வருமோ. சுரூபத்துக்கெல்லாம் ஊதாத் துணியப் போட்டு மூடிட்டாக, அந்தோணியாரு எது சவேரியாரு எதுன்னு உசரத்த வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். இன்னைக்கு மணி அடிக்கக் கூடாதுல்ல, கோயில் உபதேசியாரு மரச்சட்டத்த வச்சுத் தட்டுறாரு, டக்கு டக்குன்னு. போன வருசம் இதே சத்தம்தான் காத்துல வந்துச்சு, வேணாம், அதுக்குள்ள அங்க போக வேணாம், முன்னால பாரு. முன்னால அமலோற்பவத்தம்மா முதுகு. மெயின் தெரு ஞானாதிக்கம் வீட்டம்மா. இஸ்திரி போட்ட சேல, முக்காடு நழுவாம இருக்க ஒரு ஊக்கு. முந்தியெல்லாம் இவுக முதுகுக்குப் பின்னால நான் நின்னுர முடியுமா. மெயின் தெருக்காரவுக பெரிய சிலுவையில வாய வச்சு முத்தி பண்ணி முடிச்ச பெறகு, எங்க காலனிக்காரங்களுக்குன்னு வாசப்படிகிட்ட ஒரு சின்னச் சிலுவைய நீட்டுவாக, அத முத்தி பண்ணிட்டு அப்புடியே திரும்பிரணும். இப்ப இருக்கிற பங்குச்சாமி வந்துதான் ஒரே சிலுவை ஒரே வரிசைன்னு ஆக்குனாரு. ஒரே வரிசைன்னாலும் எனக்கும் அமலோற்பவத்தம்மாவுக்கும் நடுவுல ஒரு ஆளு நிக்கிற எடம் சும்மா கெடக்கு. அத நானும் நெரப்பல, அவுகளும் பின்னால வரல.

பீடத்துகிட்டப் போயி முத்தி பண்ணிட்டு எடதுபக்கக் கதவு வழியாத்தான் வெளிய போகணும். அங்க பிலோ நிப்பா, எங் கொழுந்தன் மக, பள்ளிக்கூடத்து டீச்சரு. கையில ஒரு கறுப்புத் துணி வச்சிருப்பா. நான் சரின்னா அந்தத் துணியத் தலையில போட்டுக்கிட்டு இன்னைக்குச் சாயங்காலம் பாஸ்கா நாடக மேடையில மாதாவா உக்காரணும், சிலுவையிலேர்ந்து எறக்குன ஆண்டவர எம் மடியில கெடத்துவாக. மாட்டேன்னா துணிய மடிச்சு வச்சுட்டுப் போயிருவா, ஒண்ணும் கேக்க மாட்டா. அவ கேக்க மாட்டாங்கிறதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. ஒரு சண்ட போட்டான்னா நானும் நாலு வார்த்த பேசித் தள்ளிவிட்டுருவேன். எங்க ஊரு பாஸ்காவுல பொம்பள மேடை ஏறுற வழக்கமே கெடையாது. மாதாவுக்கு வியாகுல மாதா சுரூபந்தான், நெஞ்சுல வாள் குத்துன சுரூபம். அதத் தூக்கி மேடையில வச்சு, அது காலடியில ஆண்டவரு வேசக்காரரக் கெடத்துவாக, உபதேசியாரு மைக்கப் புடிச்சு மாதாவுக்காக அழுவாரு. பொகையில போட்ட தொண்டையில மாதா அழுவுறத எத்தன வருசமாக் கேக்குறேன். பெறகு ஆசந்தி கெளம்பும். ஆண்டவரு மரச்சுரூபத்தப் படுக்க வச்சுப் பூவால மூடித் தோள்ல தூக்கிட்டுப் போறது, பாடைன்னு சொன்னா திட்டுவாக, ஆசந்தின்னுதான் சொல்லணும். சுரூபத்து மாதா முன்னால போகும், ஆசந்தி பின்னால. மாதா நின்னா ஆசந்தியும் நிக்கணும், மாதா நகந்தாத்தான் நகரணும். பெத்தவளத் தாண்டி மகனத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு அந்தக் காலத்து வழக்கம். மெயின் தெருவ ஒரு சுத்துச் சுத்திக் கோயிலுக்கே திரும்பிரும், காலனிக்கு வராது. தெரு குறுகலாம். நெல்லு மூட்ட லாரி வருது, ஓட்டுக் கேக்கக் காரு வருது, ஆண்டவருக்கு மட்டும் குறுகலாம்.

இந்த வருசம் மாதா சுரூபத்துல கரையான் ஏறிருச்சு. பீடம் உளுத்துப் போயி, பட்டறைக்கு அனுப்பியிருக்காக. அதான் ஆளு தேட வேண்டியதாப் போச்சு. மெயின் தெருப் பொம்பளைக எவளும் ஒத்துக்கல, மேடை ஏறுனா மானம் போயிருமாம். அப்பத்தான் பிலோ போயி சாமிகிட்ட எங்க பெரியம்மாவ உக்கார வைப்போம்னு சொல்லியிருக்கா. இந்த வருசம் பாஸ்காவ எழுதுனதே அவதான். எழுதுனவ சும்மா எழுதல. ஆண்டவர எம் மடியில கெடத்துனதும் பாட்ட நிப்பாட்டிட்டு, போன வருசம் இதே வெள்ளிக்கிழம இந்த ஊர்ல ஒரு தாய்க்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன் கேளுங்கன்னு மைக்குல ஆரம்பிக்கப் போறாளாம். சாமி யோசிச்சு யோசிச்சு, அந்தத் தாய் சம்மதிச்சாத்தான் அனுமதின்னுட்டாரு. நல்லா இருக்கு. கடைசியில பாரம் வந்து எந் தலையில உக்காந்துருச்சு. வரிசை ஒரு அடி நகந்துச்சு, தூணு போச்சு.

எம் மகன் ரெமி போன வருசம் குருத்தோலை வாரத்துல செத்துப் போனான். திருப்பூர்ல, சாயப்பட்டறைத் தொட்டிக்குள்ள. சுத்தம் பண்ண எறங்குனவன் மேல வரல, அவனத் தூக்க எறங்குனவனும் வரல. எங்கிட்ட அவன் சொன்னது துணி மடிக்கிற வேலம்மா, ஃபேனுக்கடியில உக்காந்து மடிக்கணும், அவ்வளவுதான்னு. லீவுக்கு வந்தா கெணத்தடியிலேயே கெடப்பான், சோப்ப வச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருப்பான். ஏன்டா மாப்பிள்ளையாகப் போறியா இந்தத் தேய் தேய்க்கிறன்னு நான் கேலி பண்ணுவேன், அவனும் சிரிப்பான். அந்தச் சாய வாட தெரிய எனக்கு மூக்கு இல்லையா, எனக்கு என்ன வந்துச்சு அப்ப. ஆஸ்பத்திரியில அறுத்து, கட்டி, பிளாஸ்டிக்குல சுத்தி, பெரிய வெள்ளிக்கிழமையன்னைக்குத்தான் குடுத்தாக. எம் வீட்டுக்காரரும் பிலோவும் போயிருந்தாக. நான் வீட்டுல. பிள்ள வர்றான், வாசலத் தெளிச்சு வையுன்னு எல்லாரும் சொன்னாக. தெளிச்சேன். கட்டில எடுத்து வெளிய போட்டேன், அவன் படுக்குற அதே கட்டிலு. தெளிச்ச தண்ணி காஞ்சிருச்சு, திரும்பத் தெளிச்சேன். தெக்கேருந்து இந்த மரச்சட்டச் சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. பவனி போகுது, முடியட்டும், அதுக்குத்தான் ஆம்புலன்சு நிக்குது போலன்னு நெனச்சேன். திரும்பவும் காஞ்சிருச்சு. அக்கம்பக்கத்துப் பொம்பளைக ஒப்பாரி வைக்கத் தயாரா உக்காந்திருந்தவளுக வெத்தல போட ஆரம்பிச்சிட்டாளுக. அவன் வரவே இல்ல.

என்ன நடந்துச்சுன்னு நான் பாக்கல. ஊரே பாத்துச்சு, நான் பாக்கல. கேட்டதுதான், அதுவும் ஆளுக்கொரு விதமா. காலனிப் பொணம் கம்மாக்கரை சுத்தித்தான் வரும் போகும், மெயின் தெருவுல வராது. ஆம்புலன்சு டிரைவரு வெளியூரு, அவனுக்கு என்ன தெரியும், நேரா மெயின் தெருவுல விட்டுட்டான். முன்னால பவனி, ரோட்ட அடைச்சுக்கிட்டுச் சனம். கொஞ்ச நேரம் பாத்துட்டு, எனக்கு வேற சவாரி இருக்கு எறக்கிக்கங்கன்னு எறக்கிவிட்டுட்டுப் போயிட்டான். எம் வீட்டுக்காரரும் கூட வந்த பயலுகளும் என்ன செய்வாக. ஒரு ஏணியக் கடன் வாங்கி, அவனக் கெடத்தி, வெள்ள வேட்டியப் போத்தித் தோள்ல தூக்கிட்டு ஆசந்திக்குப் பின்னாலயே நடந்திருக்காக. பொழுது சாயுற நேரம். ரெண்டு பக்கமும் மெழுகுதிரி. ஆசந்தி கடந்து போச்சு, பின்னாலயே இன்னொரு ஆசந்தி வருது. சாமி இந்த வருசம் புதுசா ஏதோ செய்யிறாரு போலன்னு நெனச்சுட்டாக. ஆண்டவரோட சிலுவையில தொங்குன ரெண்டு கள்ளன்ல நல்ல கள்ளனுக்கும் பவனி வச்சுட்டாரு போலன்னு ஒருத்தரு சொன்னாராம். தெருவே முட்டி போட்டுச்சு. உப்பும் மிளகும் அள்ளிப் போட்டாக, நேந்துக்கிட்டவுக ஆண்டவருக்குப் போடுற மாதிரி. ஞானாதிக்கம் அய்யா மொத ஆளா முட்டி போட்டு, நெஞ்சுல சிலுவை போட்டு, கைநெறைய உப்பு மிளகப் போட்டாராம் எம் மகன் மேல. தெரு பூரா அப்புடியே போயிருக்கான் எம் மகன். கோயிலத் தாண்டுற எடத்துல எவனோ வேட்டிய வெலக்கிப் பாத்துட்டு, தூக்குறவுக மொகத்தயும் பாத்திருக்கான். அய்யோ இது காலனிப் பொணம்டான்னு ஒரு சத்தம். அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுட்டாக. ஞானாதிக்கம் அய்யா முட்டியத் தட்டிவிட்டுக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயித் தலையோட குளிச்சாராம். தள்ளுமுள்ளு ஆயி, வீட்டுக்குக் கொண்டுபோக விடாம, அப்புடியே கம்மாக்கரை வழியாக் கல்லறைக்கு வெரட்டி விட்டுட்டாக. பூசை கெடையாது, மணி கெடையாது, அன்னைக்கு யாருக்கும் கெடையாதுதான். யாரோ வந்து சொல்லி நான் ஓடுறேன், ஓடிப்போயிப் பாத்தா குழிக்குள்ள எறக்கியாச்சு. பிளாஸ்டிக்குக்குள்ள மொகம் எந்தப் பக்கம்னுகூடத் தெரியல. ஒருவாட்டி மடியில வச்சுக்கிறேன்யா ஒருவாட்டின்னு கேட்டேன். பிரிச்சா தாங்க மாட்ட ஆத்தான்னு புடிச்சுக்கிட்டாக. மாதாவுக்காச்சும் குடுத்தாக. ரோமாபுரிச் சேவகன், அவன் ஆணி அடிச்சவன், அவனே குடுத்தான்.

சேவகன்னதும் எம் வீட்டுக்காரரு ஞாபகம். சூசைன்னு ஊரு கூப்புடும். பாஸ்காவுல வருசா வருசம் சாட்டையால அடிக்கிற சேவகன் வேசம் அவுகளுக்குத்தான். ஆண்டவரும் அப்போஸ்தலரும் மெயின் தெரு. சேவகன், கள்ளன், யூதாசு, இதெல்லாம் காலனி. அடிக்கிற வேல எங்களுக்கு, அடி வாங்குற பெரும அவுகளுக்கு. சாட்டை சணல்தான், வலிக்காது, இருந்தாலும் நாடகம் முடிஞ்சதும் ஆண்டவரு வேசம் போட்ட அந்தச் சின்னப்பய காலத் தொட்டு மன்னிச்சுக்கங்க தம்பின்னு கேட்டுட்டுத்தான் வருவாக. அப்புடிப்பட்ட மனுசன. பிள்ளையப் பொதைச்ச அடுத்த ஞாயித்துக்கிழம, பவனியத் தீட்டாக்குனதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு மெயின் தெருப் பெரியாளுக கூடிச் சொல்லிட்டாக. சாமி வேணாம்னாரு, அவரு பேச்சு எடுபடல. எம் மனுசன் பீடத்துகிட்ட நின்னு, தெரியாமக் கலந்துருச்சு, மன்னிச்சுருங்கன்னு சொன்னாக. பெத்த பிள்ள பொணத்த எதோட கலந்தாக அவுக, பால்லயா தண்ணியக் கலந்தாக. அன்னைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவுகதான், அந்தக் கட்டில மட்டும் தொடாம, தரையில. கோயில்ப் பக்கம் திரும்புறது இல்ல. கூப்புட்டா, நீ போ, எனக்கும் சேத்துக் கேட்டுக்கன்னு சொல்வாக. எதக் கேக்குறது. சமயத்துல இருட்டுல அவுக பேசுறது கேக்கும், யாருகிட்டயோ மன்னிப்புக் கேக்குற மாதிரியே இருக்கும்.

வரிசை நகருது. நகரு சலேத்துன்னு எனக்கே சொல்லிக்கிறேன். முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, மிளகாப் பழம் பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு ஒடிஞ்சு போச்சு. அதுவும் யாரு தோட்டம், ஞானாதிக்கம் அய்யா தோட்டம். இன்னைக்கு மேடை ஏறுனேன்னா பண்டிகை கழிச்சு அந்தத் தோட்டத்துல எனக்கு என்ன வேல. எனக்கு மட்டுமா, எங்க தெருப் பொம்பளைக எல்லாத்துக்கும். இதச் சொன்னா பிலோ, தெரியும் பெரியம்மாங்கிறா. பெறகு என்னடி. அவ அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து தரையில உக்காந்து சொன்னத நெனச்சுப் பாக்குறேன். "பெரியம்மா, அன்னைக்கு அவுகள யாரும் முட்டி போடச் சொல்லல. அவுகளாத்தான் போட்டாக. யாருன்னு தெரியாதவரைக்கும் நம்ம ரெமி அண்ணன் அவுகளுக்கு ஆண்டவராத்தான் இருந்துச்சு. நான் பக்கத்துலயே நடந்து வந்தேன், ஒவ்வொரு மொகமாப் பாத்தேன், பொய்யா யாரும் கும்புடல. அந்த மொகத்தத்தான் அவுகளுக்கே திருப்பிக் காட்டணும். பிரசங்கத்துல சொன்னா காதுல வாங்க மாட்டாக, கூட்டத்துல சொன்னா சண்ட. மேடையில காட்டுனா பாத்துத்தானே ஆகணும்." நான் விடல. "ஏன்டி, எத்தன தலமுறையா இந்த ஊர்ல பாஸ்கா போடுறாக. வருசா வருசம் அழுவுறாக. அழுது மூக்கச் சிந்திட்டு வீட்டுக்குப் போயிக் கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துக்கிறாக. மறுநா களத்துல எம் தண்ணிச் சொம்பத் தள்ளித்தான் வைக்கிறாக. நாடகத்தப் பாத்து எவன்டி திருந்துனான்." அதுக்கு அவ, "நான் திருந்துனேன் பெரியம்மா. நாலாவது படிக்கையில, ஆண்டவரு குஷ்டரோகியத் தொடுற கட்டத்தப் பாத்தேன். யாரையும் தொடலாம்போலன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. அதுக்கு முன்ன நம்மளத் தொட மாட்டாக, அது அப்புடித்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" அப்புடின்னா. நானும் சின்னதுல, காலனிக்குன்னு கட்டுன கயித்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து அதே கட்டத்தத்தான் பாத்தேன். எனக்கு ஏன் அது தோணல.

ஆனா எனக்குப் பயம் அது இல்ல. தோட்டத்து வேலயும் இல்ல. எனக்குன்னு அவன்ல மிச்சம் என்ன இருக்கு. ஒரு கட்டிலு, ஒரு சோப்பு டப்பா, அவன் கெட்ட கள்ளன் வேசம் போட்டப்ப எடுத்த ஒரு போட்டோ. ஆமா, அவனுக்குக் கெடச்சது கெட்ட கள்ளன்தான், நல்ல கள்ளனுக்கும் போட்டி. ஒத்திகை முடிஞ்சு வந்து சோறு திங்கயில கேப்பான். "யம்மா, கெட்ட கள்ளன் கேக்குறதுலயும் ஞாயம் இருக்குல்ல. நீதான் ஆண்டவராச்சே, நீயும் எறங்கு, எங்களையும் எறக்கி விடுன்னு கேக்குறான். சாகப் போறவன் வேற என்னம்மா கேப்பான்." நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன், அப்புடியெல்லாம் பேசாதடா பாவம்னு. தொட்டிக்குள்ள அவன் என்ன கேட்டிருப்பான். யாரக் கேட்டிருப்பான். நெனப்பு இங்க வந்துதான் ஒவ்வொரு வாட்டியும் மாட்டிக்கிது, இதத் தாண்டிப் போக மாட்டேங்குது. ஆங், பயம். பயம் என்னன்னா, அவன மேடையில ஏத்திட்டா அவன் ஊருக்கதை ஆயிருவான். வருசா வருசம் போடுவாக. எவனோ ரெமியா நடிப்பான், எவளோ சலேத்தா அழுவா, நல்லா அழுதாளா இல்லையான்னு கஞ்சி குடிச்சுக்கிட்டே பேசுவாக. கடைசியில அவன் உண்மையிலேயே எப்புடிச் சிரிச்சான்னு எனக்கே மறந்துரும். இன்னொன்னும் இருக்கு. அத பிலோகிட்டகூடச் சொல்லல. மடியில ஒரு ஆம்பளப்பிள்ளயக் கெடத்துனா, அந்தக் கனம் தொடையில எறங்குனா, நான் விடுவேனா. எந்திரிக்கச் சொன்னா விடுவேனா. சனம் பூரா பாக்க அந்தப் பிள்ளயப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்னா பைத்தியம்னு சொல்ல மாட்டாக.

"சலேத்து."

அமலோற்பவத்தம்மாதான். திரும்பல, சிலுவையப் பாத்துக்கிட்டே பேசுறாக. பக்கத்துல யாருக்கும் கேக்காத கொரல். "நீதான் மாதாவாமே." இன்னும் முடிவு சொல்லலம்மான்னேன். என் வாய் சும்மா இருக்காது, ஏன் உங்க வீட்டுல ஏதும் சொன்னாகளான்னு கேட்டேன். "ஜெரால்டுதான் ஆண்டவரு" அப்புடின்னாக. அது எனக்குத் தெரியாதா, அவுக மகன் ஜெரால்டு, ரெமிகூட ஒண்ணாப் படிச்சவன், தவக்காலம் பூரா மீச வழிக்காம வெரதம் இருக்கான். "அவனுக்குக் கழுத்துல சுளுக்கு. சிலுவையில தலையத் தொங்கப் போட்டுப் போட்டு ஒத்திகையிலேயே புடிச்சுக்கிச்சு. மடியில கெடத்துறப்ப தலைக்கடியில கையக் குடுத்துக்க. எடதுபக்கம் சாய்க்காத, வலிக்கும்." சரிம்மான்னேன். மகனுக்குக் கழுத்து வலிக்குமேன்னு கவலப்பட அவுகளுக்குக் கழுத்து இருக்கு. பொறாமதான், ஆண்டவரு பீடத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு வயித்தெரிச்சல்தான், வேற என்ன பேரு சொல்றது. ஆனா எங் கைய நம்பித் தலையக் குடுக்குறாகளே, அதுவும் இருக்கு. வரிசை நகந்துச்சு. அவுக நகரல. பின்னால இருந்தவுக தள்ள, நடுவுல கெடந்த எடம் இல்லாமப் போச்சு, அவுக சேலையில உப்பு வாட அடிக்குது, வேர்வையா என்னன்னு தெரியல.

"அன்னைக்கு நானும் முட்டி போட்டேன்" அப்புடின்னாக. தெரியும்மா, தெருவே போட்டுச்சாமேன்னேன். "இல்ல. கேளு. வேட்டி பத்தல, சுத்துன பிளாஸ்டிக்கும் வெலகிக் கால் வெளிய தெரிஞ்சுச்சு. எங்க வீட்டு வாசல்ல வரும்போதே பாத்தேன். ஆண்டவரு சுரூபத்துக்கு வருசா வருசம் எண்ணெய் தடவுறவ நான், மரத்துக் காலு எனக்குத் தெரியாதா. அது பிள்ளக் காலு. பெருவெரல்ல ஆஸ்பத்திரிச் சீட்டுக் கட்டியிருந்துச்சு. தெரிஞ்சுதான் முட்டி போட்டேன். எல்லாரும் எந்திரிச்சப்ப எனக்கு எந்திரிக்க வரல. எங்க வீட்டுக்காரவுக வந்து கையப் புடிச்சுத் தூக்கிக் குளிடின்னாக. குளிச்சேன்னு சொன்னேன். குளிக்கல." முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, "அவுககிட்டச் சொல்லிராத" அப்புடின்னாக.

எனக்கு என்ன தோணியிருக்கணும். நன்றி தோணியிருக்கணும், கையெடுத்துக் கும்புடத் தோணியிருக்கணும். தோணல. தெரிஞ்சிருந்துச்சு இந்தப் பொம்பளைக்கு. ஒரு வருசமாத் தெரிஞ்சிருந்துச்சு. எம் மனுசன் பீடத்துகிட்ட நின்னு தெரியாமக் கலந்துருச்சுன்னு சொன்னப்ப இவுக மொத பெஞ்சுல உக்காந்திருந்தாக. எனக்குத் தெரியும்யா, நான் தெரிஞ்சேதான் கும்புட்டேன்னு ஒரு வார்த்த. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் மனுசன் இன்னைக்குத் தரையில கெடக்க மாட்டாக. குளிக்கலையாம். உங்க உள்ளூட்டுக்குள்ள நீங்க குளிச்சா என்ன குளிக்காட்டி என்ன. இதச் சொல்ல வாயத் தொறந்தேன். தொறந்தப்பத்தான் அவுக முக்காட்டு ஓரத்துல கழுத்து நடுங்குறது தெரிஞ்சுச்சு. ஒருத்திகிட்டயாச்சும் சொல்லணும்னு ஒரு வருசம் சுமந்திருக்காக, அதுவும் எங்கிட்ட. இவுக ஒரு ஆளுதானா. அந்தத் தெருவுல இன்னும் எத்தன பேரு காலப் பாத்துட்டே முட்டி போட்டாகளோ. எத்தன பேரு குளிச்சோம்னு சொல்லிட்டுக் குளிக்காம இருக்காகளோ. பிலோ தெரியாமக் கும்புட்டாகன்னு எழுதியிருக்கா. படிச்ச புள்ள, அதுக்கே இது தெரியல. எனக்கு அழுக வந்துச்சு. ஒரு வருசமா வராதது, கோயிலுக்குள்ள, சத்தமில்லாம, மூக்கு வழியா. "அந்தக் காலு" அப்புடின்னு கேட்டேன், "வீங்கியிருந்துச்சாம்மா." அவுக திரும்பிட்டாக. ஒரு வருசத்துல மொத வாட்டி எம் மொகத்தப் பாத்தாக. "இல்ல சலேத்து. சுத்தமா இருந்துச்சு. தேய்ச்சுக் கழுவுன மாதிரி." பெறகு அவுக மொற வந்துருச்சு, போயிட்டாக.

நான் நிக்கிறேன். பெருவெரல். எனக்கு அவன் மொகம் கெடைக்கல, இவுககிட்டேர்ந்து காலு கெடைச்சிருக்கு. ஊருல ஒவ்வொருத்தருகிட்டயும் எம் மகன்ல ஒரு துண்டு கெடக்கு, வாயத் தொறக்காம வச்சிருக்காக. நான் ஒருத்திதான் பாக்காதவ. பெத்தவளத் தாண்டி மகனத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு வழக்கம் வச்ச ஊரு, என்னத் தாண்டித்தானே தூக்கிட்டுப் போச்சு. நான் வாசலத் தெளிச்சுக்கிட்டு இருந்தேன். தாண்டித்தானே. மாதா நின்னா ஆசந்தி நிக்கணும். மாதா நகந்தாத்தான் நகரணும். சுரூபமா இருந்தா நாலு பேரு தோள்ல தூக்கிட்டு அவுக நெனச்ச பக்கம் போவாக. இந்த வருசம் சுரூபம் இல்ல, ஆசந்திக்கு முன்னால நான்தான் நடக்கணும். மாதாவுக்குக் கால் இருக்கு. கோயிலு முக்குல வலதுபக்கம் திரும்புனா மெயின் தெரு. எடதுபக்கம் திரும்புனா எங்க தெரு. நான் எடதுபக்கம் திரும்புனா ஆசந்தி என்ன செய்யும். தூக்குறவுக என்ன செய்வாக. ஆண்டவர நடுரோட்டுல வச்சுட்டுப் போயிருவாகளா. வழக்கம் வழக்கம்னு எங்கள எம்புட்டு நாளு தள்ளி வச்சாக, அதே வழக்கம் இன்னைக்கு எங் கால்ல இருக்கு. இது பிலோவுக்குத் தெரியுமா, சாமிக்குத் தெரியுமா, தெரிஞ்சா விடுவாகளா. சொல்ல மாட்டேன், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பின்னால வருவாகளா வர மாட்டாகளா. வராட்டி நான் மட்டும் கறுப்புத் துணியோட என் வீட்டு வாசலுக்கு வெறுங்கையோட நடந்து போறேன், ஊரு சிரிக்கட்டும். ஆனா வருவாக. ஒருத்தியாச்சும் வருவாக.

சாமி சிலுவையத் தாழ்த்திப் புடிக்கிறாரு. மத்தவுக பாதத்துல முத்தம் குடுத்துட்டு நகருவாக, உபதேசியாரு துணியால தொடைப்பாரு, அடுத்த ஆளு. நான் பாதத்தப் பாத்தேன். ஆணி அடிச்ச எடத்துல செவப்புப் பெயிண்டு உரிஞ்சிருக்கு. பெருவெரலத் தொட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு, அமலோற்பவத்தம்மா தடவுன எண்ணெய். குனிஞ்சு அந்த வெரல்ல வாய வச்சேன், எடுக்க மனசு வரல, சாமி சிலுவைய எடுக்காம நின்னாரு, உபதேசியாரு துணிய வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தாரு. எடுத்தப்ப மரமெல்லாம் ஈரம். தொடைக்க வந்தாரு. இருக்கட்டும்னாரு சாமி.

எடதுபக்கக் கதவுல வெயிலு கண்ணக் கூசுது. பிலோ நிக்கிறா. எதுவும் கேக்கல. நான் அந்தத் துணிய அவ கையிலேர்ந்து வாங்கித் தலையில போட்டேன், கஞ்சி போட்டு வெறப்பா இருந்துச்சு. "வசனம் ஒண்ணும் இல்ல பெரியம்மா" அப்புடின்னா. "சும்மா உக்காந்திருந்தாப் போதும். பெறகு எந்திரிச்சு முன்னால நடக்கணும், அவ்வளவுதான்." நடக்குறேன்டின்னேன். "நீ ஒண்ணு செய்யி. இப்பவே ஓடிப்போயி உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு. வாசலத் தெளிச்சு, அந்தக் கட்டில எடுத்து வெளிய போடச் சொல்லு." எதுக்குன்னு கேட்டா. "புள்ள வீட்டுக்கு வரான்னு சொல்லு."